உடைந்த கோப்பையில் ஒளித்து வைத்த மை

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தென்காசிப் பக்கம் அவர் வளர்ந்த தெருவில் அன்றைக்கு அது பெரிய படிப்பு. பாதி வீடுகளில் ஆண்கள் பம்பாயிலோ வளைகுடாவிலோ இருந்தார்கள். அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யாராவது ஒரு அக்காவோ மதினியோ இன்லேண்ட் லெட்டரை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்காருவார்களாம். "ஏளா, எல்லாரும் சௌக்கியம்னு எழுது. மத்தத நீயே பாத்து எழுதிரு" என்பார்களாம். அந்த "மத்தது"தான் கடிதமே. பணம் வராதது, மாமியார் பேச்சு, அப்பா முகம் மறந்துபோன பிள்ளை என்று அதில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என நான் ஊகிக்கத்தான் முடியும். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "அது அவங்க சமாச்சாரம்" என்பதோடு அம்மா பேச்சை முடித்துவிடுவார்.

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் "நாவலின் எழுச்சி" என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங், ஸ்டெர்ன் என்று நான்கு பேர். "பமீலா, 1740, கடித வடிவ நாவல்" என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமலே அந்த இரண்டு மதிப்பெண்ணையும் வாங்கினேன். இருபது வருடம் கழித்துப் போன ஆண்டுதான் ரிச்சர்ட்சன் எழுதிய அந்தப் பமீலாவை முழுதாகப் படித்தேன். அதை முடித்த கையோடு அவருடைய இன்னொரு நாவலான கிளாரிசாவை எடுத்தேன், அது நான்கு மாதம் பிடித்தது. இடையில் ரிச்சர்ட்சனின் கடிதங்களையும் தேடிப் படித்தேன். அப்போது கண்ணில் பட்ட ஒரு கடிதத்தால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கிளாரிசாவை டச்சு மொழியில் பெயர்த்தவர் ஸ்டின்ஸ்ட்ரா. அவருக்கு ரிச்சர்ட்சன் வயதான காலத்தில் தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதிய கடிதம் அது. தனக்குப் பதிமூன்று வயதுக்கு மேல் இராது, அக்கம்பக்கத்து இளம்பெண்கள் மூன்று பேர் தங்கள் காதல் ரகசியத்தைத் தன்னிடம் சொல்லி, காதலர்களுக்குப் பதில் எழுதித் தரச் சொன்னார்கள் என்கிறார். ஒருத்திக்கு எழுதுவது மற்ற இருவருக்கும் கடைசிவரை தெரியாதாம். திட்டி எழுதச் சொல்லிவிட்டு, அவன் அதை மெய்யென்று எடுத்துக்கொள்வானோ எனப் பயந்து, இந்தச் சொல்லைக் கொஞ்சம் மென்மையாக்கு, அதை மாற்று என்பார்களாம். என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு ஒருத்தி சொன்ன பதிலை ஐம்பது வருடம் கழித்தும் அவர் மறக்கவில்லை. என்ன எழுதுவதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் நீ எவ்வளவு அன்பாக எழுதினாலும் தகும் என்றாளாம்.

நீயே பாத்து எழுதிரு. இதைத்தானே அந்த மதினிகளும் சொன்னார்கள்!

நாவலின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய காரணங்களிலிருந்து தொடங்குவார்கள். இங்கிலாந்தில் அச்சுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் 1695-இல் காலாவதியானது. அதன்பின் அச்சகங்கள் பெருகின. 1710-இல் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. காப்பிக்கடைகளில் பத்திரிகை படிக்கும் வியாபாரிகள், வாசிக்கத் தெரிந்த அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று ஒரு புதிய கூட்டம் உருவானது. 1719-இல் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த டேனியல் டீஃபோ, தீவில் தனித்து மாட்டிக்கொண்டவன் தன் கதையைத் தானே சொல்வதுபோல் ராபின்சன் குரூசோவை வெளியிட்டார். இவை எல்லாம் சரிதான், மறுக்கவில்லை. டீஃபோவுக்கு முப்பது வருடம் முன்பே, 1688-இல், அடிமையாக விற்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்க இளவரசனைப் பற்றி ஆஃப்ரா பென் என்ற பெண் உரைநடையில் எழுதியிருக்கிறார். எங்கள் பாடத்தில் அவர் பெயரே கிடையாது. நான்கு ஆண்களோடு முடிந்துபோனது. இன்னொரு பக்கம், யாரோ ஒருத்தருக்காக உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொடுப்பது என்ற சின்ன வேலையும் நாவலுக்கு ஒரு தாய்வீடு. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ரிச்சர்ட்சன் 1689-இல் டெர்பிஷயரில் பிறந்தவர். அப்பா தச்சு வேலை செய்தவர். பாதிரியார் ஆக்க நினைத்தார்கள், அவ்வளவு படிக்க வைக்கக் காசில்லை. 1706-இல் லண்டனில் ஓர் அச்சகத்தில் ஏழு வருடப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். பகலெல்லாம் முதலாளிக்கு உழைத்துவிட்டு, முதலாளியின் மெழுகுவத்தியை வீணாக்கக்கூடாது என்று தன் காசில் வாங்கிய மெழுகுவத்தியில் இரவு படித்ததாகச் சொல்கிறார். பிறகு சொந்தமாக அச்சகம் வைத்தார். ஃபிளீட் தெருவை ஒட்டிய சால்ஸ்பரி கோர்ட்டில் தொழில் வளர்ந்தது, நாடாளுமன்றக் கீழவையின் நடவடிக்கைக் குறிப்புகளை அச்சிடும் வேலைகூடக் கிடைத்தது. முதலாளியின் மகளைத்தான் மணந்துகொண்டார். அந்த மனைவிக்குப் பிறந்த ஆறு குழந்தைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை, மனைவியும் 1731-இல் போய்விட்டார். ஐம்பது வயது வரை அவர் ஒரு கதையும் எழுதவில்லை. அடுத்தவர் எழுதியதைக் கோர்த்து, பிழை பார்த்து, அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1739-இல் ரிவிங்டன், ஆஸ்போர்ன் என்ற இரண்டு புத்தக வியாபாரிகள் அவரிடம் வந்தார்கள். தாமாகக் கடிதம் எழுதத் தெரியாத கிராமத்து மக்களுக்கு மாதிரிக் கடிதங்கள் அடங்கிய ஒரு சின்னப் புத்தகம் வேண்டும் என்றார்கள். கடன் கேட்க, துக்கம் விசாரிக்க, பெண் கேட்க என்று பார்த்து எழுதிக்கொள்ளும் புத்தகம். நம் ஊர்ப் பேருந்து நிலையக் கடைகளிலும் "கடிதம் எழுதுவது எப்படி" என்று ஒன்று தொங்குமே, அந்த வகை. ரிச்சர்ட்சன் சம்மதித்தார். அப்படியே எப்படி வாழ வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போகுமா என்று கேட்டாராம். 1741-இல் வந்த அந்தப் புத்தகத்தில் 173 கடிதங்கள். 138-வது கடிதம், வேலைக்குப் போன இடத்தில் எசமானன் மகளிடம் முறைதவற முயன்றதைக் கேள்விப்பட்டு ஒரு தகப்பன் எழுதுவது. 139-வது, மகளின் பதில்.

இந்த இடத்தில் பேனா மாதிரிக் கடிதத்தோடு நிற்க மறுத்துவிட்டது. எப்போதோ கேட்ட ஓர் உண்மைச் சம்பவம் அவருக்கு நினைவுக்கு வருகிறது. புத்தக வியாபாரிகளின் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, 1739 நவம்பர் 10 அன்று பமீலாவை எழுதத் தொடங்கி 1740 ஜனவரி 10-இல் முடித்துவிட்டார். இரண்டே மாதம், அதுவும் அச்சக வேலைக்கு நடுவில். இரண்டாவது மனைவியும் வீட்டில் தங்கியிருந்த ஓர் இளம்பெண்ணும் ஒவ்வொரு சாயங்காலமும் அவருடைய சின்ன எழுத்தறைக்கு வந்து, பமீலா இன்னும் கொஞ்சம் ஆகியிருக்கிறதா என்று கேட்பார்களாம். 1740 நவம்பரில் புத்தகம் வெளிவந்தது. இரண்டு பாகம், விலை 6 ஷில்லிங். பமீலாவைப் போன்ற ஒரு வேலைக்காரிக்கு அது பல வாரச் சம்பளம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பமீலா ஆண்ட்ரூஸுக்குப் பதினைந்து வயது. ஏழை வீட்டுப் பெண், பெரிய வீட்டில் வேலைக்காரி. எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொடுத்த எசமானியம்மாள் இறந்துவிடுகிறார். அவர் மகன் மிஸ்டர் பி. என்பவன் கண் அவள்மேல் விழுகிறது. முதல் கடிதத்தின் பின்குறிப்பிலேயே அவன் வந்துவிடுகிறான். அப்பா அம்மாவுக்கு எழுதியதை அவள் மார்பில் ஒளிக்கிறாள், அவன் வாங்கிப் பார்க்கிறான், கையெழுத்து அழகாக இருக்கிறது, பிழையும் அதிகமில்லை என்கிறான். அவள் படித்த பெண் என்பது அங்கேயே அவளுக்கு ஆபத்தாக ஆரம்பிக்கிறது. பிறகு ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லி, லிங்கன்ஷயரில் உள்ள இன்னொரு வீட்டில் அவளை அடைத்துவைக்கிறான். காவலுக்கு ஜூக்ஸ் என்ற பெண்மணி.

அந்த அடைப்பில் பமீலா செய்கிற முதல் காரியத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. மையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று உடைந்த பீங்கான் கோப்பை ஒன்றில் கொஞ்சம், இன்னொரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி ஒளித்துவைக்கிறாள். பேனா ஒன்று இங்கே, ஒன்று அங்கே. துணிகளுக்கு இடையில் ஒரு தாள், இன்னோர் இடத்தில் ஒரு தாள். சோதனை போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடக்கூடாது அல்லவா? கடிதத்தைத் தோட்டத்தில் சூரியகாந்திச் செடிக்கு அடியில் ஓடுகளுக்கு நடுவே வைத்து அனுப்பப் பார்க்கிறாள். அனுப்ப வழியில்லாமல் போனபின்னும் எழுதுகிறாள். யாருக்கும் போய்ச் சேராத அந்தக் கடிதங்கள் நாட்குறிப்பாக மாறுகின்றன. கத்தையை உள்ளாடையில் இடுப்பைச் சுற்றித் தைத்துக்கொள்கிறாள். சோறு, தப்பிக்கும் வழி, கதவுச் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில் மைக்கு இவ்வளவு பாடுபடும் ஒரு வேலைக்காரப் பெண்ணை ஓர் அச்சுக்காரரால்தான் கற்பனை செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. தாளும் மையும் என்ன விலை, எங்கே கிடைக்கும், கைதவறினால் என்ன ஆகும் என்று தினமும் தெரிந்திருந்தவர் அவர்.

அறிவொளிக் காலம் என்றவுடன் நமக்கு நியூட்டன், லாக், வோல்த்தேர் என்று பெயர்கள் வரும். ரிச்சர்ட்சன் பிறந்த அதே 1689-இன் கடைசியில்தான், ஒவ்வொரு மனிதனுக்கும் தன்மீது தனக்கே உடைமை உண்டு, வேறு யாருக்கும் அதில் உரிமையில்லை என்று ஜான் லாக் எழுதிய நூல் வெளிவந்தது. மகத்தான வாக்கியம். ஆனால் அதே லாக் அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். "ஒவ்வொரு மனிதனும்" என்று தத்துவம் சொல்லும்போது சமையற்கட்டில் நிற்பவள் அதில் உண்டா இல்லையா என்பதை யாரும் கேட்கவில்லை. பமீலா கேட்கிறாள். எசமானனுக்கு உன்மேல் உரிமை உண்டு என்கிற தோரணையில் ஜூக்ஸ் பேசும்போது, நான் எப்படி அவருடைய உடைமை ஆனேன், திருட்டுப் பொருள்மேல் திருடன் கொண்டாடுகிற உரிமையைத் தவிர வேறென்ன உரிமை அவருக்கு என்மேல் என்கிறாள். ஜூக்ஸுக்கு மூச்சே நின்றுவிடுகிறது. இது கலகம், பச்சைக் கலகம் என்று கத்துகிறாள். நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்ட பக்கம் இது. லாக் சொன்ன அதே சொல்லை ஒரு வேலைக்காரி தன் உடம்புக்காக எடுத்துப் பேசிவிட்டாள். ஜூக்ஸ் அதைச் சரியாகவே புரிந்துகொண்டாள்.

இன்னொன்று. மிஸ்டர் பி. மாறுவது அவளுடைய அழகாலோ கண்ணீராலோ இல்லை. அந்தக் கடிதக் கத்தையைப் பிடுங்கிப் படிக்கிறான். ஓர் இடத்தில் அவள் குளத்தில் விழுந்து செத்துவிடலாமா என்று நினைத்ததை எழுதியிருக்கிறாள். அந்தக் குளத்தங்கரையிலேயே நின்று அதைப் படிக்கும்போது அவனுக்கு மனம் கலங்குகிறது. நாவலுக்குள்ளேயே நாவலின் முதல் வாசகன் இருக்கிறான், அவன் கொடுமை செய்தவன். இன்னொரு உயிரின் உள்ளே என்ன ஓடுகிறது என்று முழுதாகத் தெரிந்தபின் பழையபடி இருக்க முடியாது என்பது ரிச்சர்ட்சனின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் எனக்கும் பாதிக்குமேல் பங்குண்டு.

புத்தகம் அதிரடியாகப் போனது. ஓராண்டுக்குள் ஐந்து பதிப்புகள். சவுத்வார்க்கில் ஒரு பாதிரியார் பிரசங்க மேடையிலேயே அதைப் படிக்கச் சொன்னார். பமீலா படம் போட்ட விசிறிகள்கூட விற்றன. உடனே ஏளனமும் கிளம்பியது. பெரிய வீட்டுப் பிள்ளைகளின் ஈட்டன் பள்ளியில் படித்த ஹென்றி ஃபீல்டிங் 1741 ஏப்ரலில் பெயர் போடாமல் ஷாமெலா என்று ஒரு கேலிப் புத்தகம் எழுதினார். அதில் அந்தப் பெண் எல்லாவற்றையும் திட்டம் போட்டு நடிக்கிறவள். ஃபீல்டிங் பெரிய எழுத்தாளர், டாம் ஜோன்ஸ் எனக்குப் பிடித்த நாவல். நாடகம் எழுதிக்கொண்டிருந்தவரை 1737-இன் தணிக்கைச் சட்டம் மேடையிலிருந்து துரத்தியது, சட்டம் படித்தார், 1748-இல் லண்டனில் நீதிபதியானார். (தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். மனிதர்களின் வழக்கைத் தினமும் கேட்கிறவர்களுக்கு நாவல் எளிதாக வருமோ என்னவோ.) ஆனாலும் ஷாமெலாவைப் படிக்கும்போது எனக்கு வலித்தது. ஒரு வேலைக்காரிக்கு இவ்வளவு மனசாட்சி இருக்க முடியாது, ஏதோ கணக்கு இருக்க வேண்டும் என்ற சந்தேகம் அந்தக் கேலிக்கு அடியில் ஓடுகிறது. அந்தச் சந்தேகத்தை வேறு வீடுகளிலும் வேறு குரல்களிலும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

எனக்குப் பமீலாவோடு இருக்கும் சண்டை வேறு. தன்னை அடைத்துவைத்தவனையே அவள் கடைசியில் கல்யாணம் செய்துகொள்கிறாள். "நற்குணத்துக்குக் கிடைத்த பரிசு" என்பது புத்தகத்தின் துணைத் தலைப்பு. பரிசு அவன்தான். இரண்டாம் பாகத்தில் அவள் நன்றி சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோகிறாள், முதல் பாகத்தில் உடைமை பற்றிக் கேட்ட பெண்ணைக் காணோம். படித்து முடித்தபோது எனக்குக் கோபமே வந்தது. பலாத்காரம் செய்யப் பார்த்தவனுக்கே பெண்ணைக் கட்டிவைத்துப் பஞ்சாயத்தை முடிக்கும் தீர்ப்புகளை நாம் செய்தித்தாளில் படிக்கவில்லையா?

ரிச்சர்ட்சனுக்கும் அந்த முடிவு உறுத்தியிருக்க வேண்டும். திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்று ஒரு பேச்சு ஊரில் நிலவுகிறதே, அது ஆபத்தானது என்று கிளாரிசாவின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். 1747 டிசம்பரிலிருந்து 1748 டிசம்பர் வரை மூன்று தவணையாக, ஏழு பாகங்களாக வந்த நாவல் அது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள். கிளாரிசா ஹார்லோ பணக்கார வீட்டுப் பெண். நிலத்துக்காகப் பிடிக்காதவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். லவ்லேஸ் என்பவன் காப்பாற்றுவதுபோல் ஏமாற்றி அழைத்துப்போய், ஒரு விபச்சார விடுதியில் வைத்து, மயக்க மருந்து கொடுத்துக் கெடுக்கிறான். ஆயிரம் பக்கம் வளவளவென்று எழுதிவந்த லவ்லேஸ் அந்த இரவைப் பற்றி நண்பனுக்கு எழுதுவது இரண்டு மூன்று வரி. காரியம் முடிந்தது, கிளாரிசா உயிரோடு இருக்கிறாள். அவ்வளவுதான்.

அதன்பின் கிளாரிசா எழுதுவது கடிதமாக இல்லை. கிழித்தும் கிறுக்கியும் போட்ட பத்துத் தாள்கள். பத்தாவது தாளில் கவிதை வரிகள் நேராக இல்லாமல் ஓரங்களில் சாய்ந்தும் படுத்தும் கிடக்கின்றன. அச்சிலேயே அப்படி. ஈய எழுத்துகளைச் சட்டத்துக்குள் சாய்த்துக் கோர்ப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது கம்பாசிட்டர்களுக்குத் தெரியும். ஒரு பெண்ணின் மனம் சிதறியதை வார்த்தையில் சொல்லாமல் எழுத்துக் கோர்ப்பில் காட்டலாம் என்பது நாற்பது வருடம் அச்சகத்தில் நின்ற மனிதருக்கு வந்த யோசனை. அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லவ்லேஸின் குடும்பம் சொல்கிறது, தோழி சொல்கிறாள், லவ்லேஸே கெஞ்சுகிறான்: கல்யாணம் செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும். கிளாரிசா மாட்டேன் என்கிறாள். கடைசிவரை மாட்டேன்தான். சவப்பெட்டியைத் தானே வாங்கி அறைக்குள் வைத்து, அதையே எழுதும் மேசையாக்கி மிச்சக் கடிதங்களை எழுதுகிறாள்.

நான்கு பாகம் வெளிவந்து மீதிக்கு வாசகர்கள் காத்திருந்தபோது, பெல்ஃபோர் என்ற புனைபெயரில் ஒரு பெண் ரிச்சர்ட்சனுக்கு எழுதினாள். கிளாரிசாவைக் கொன்றுவிடாதீர்கள் என்று மன்றாடினாள், மிரட்டினாள். அவள் லங்காஷயரில் இருந்த லேடி பிராட்ஷே. ரிச்சர்ட்சன் பொறுமையாகப் பதில் எழுதினார், ஆனால் முடிவை மாற்றவில்லை. கடைசிப் பாகங்களைப் படிக்கும்போது புத்தகத்தைக் கீழே வைத்து, எடுத்து, அறைக்குள் நடந்து, அழுது, கண்ணைத் துடைத்து, மூன்று வரி படிப்பதற்குள் மறுபடி எறிந்துவிட்டதாக அவள் எழுதினாள். இருவரும் நேரில் சந்தித்தது 1750-இல்தான். ஷாமெலா எழுதிய அதே ஃபீல்டிங்கும் ஐந்தாம் பாகத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, 1748 அக்டோபரில் ரிச்சர்ட்சனுக்கு மனம் திறந்து பாராட்டி எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்தபின் ஃபீல்டிங் மேல் இருந்த வருத்தம் எனக்குப் பெரிதும் போய்விட்டது.

இதையெல்லாம் போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். கிளாரிசா கதையை அவரால் கேட்க முடியவில்லை, வேண்டாம் என்று எழுந்துவிட்டார். பமீலாவின் கோப்பை, மை, உள்ளாடையில் தைத்த தாள்கள் என்று சொன்னபோது மட்டும் உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி:

"அந்த லெட்டர அப்பன் ஆத்தாகிட்ட யாரு கொண்டுபோய்க் குடுத்தா?"

அடைத்துவைப்பதற்கு முன்னால் ஜான் என்ற வேலைக்காரன் கொண்டுபோனான் என்றேன். போகும் வழியில் ஒவ்வொரு கடிதத்தையும் எசமானிடம் காட்டிவிட்டுத்தான் போனான் என்றும் சொன்னேன். அம்மா முகம் சுண்டிப்போனது. அப்புறம் அவனே மனம் பொறுக்காமல், உன்னைக் காட்டிக்கொடுத்த நாய் நான்தான் என்று பமீலாவுக்கு ரகசியமாக ஒரு கடிதம் போட்டுவிட்டுப் போகிறான் என்றேன்.

"அவனுக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியும்மா."

"யாரையும் வச்சு எழுதலியே? அவனே எழுதுனதுதானே?"

"அவனே எழுதினதுதான்" என்றேன்.